பஸ்டர் கீட்டனைப் பேசும் படம் கொன்றதா?

ஒரு வாசகர் கேட்டது: "பேசும் படம் வந்தது, கீட்டன் போனார். குரல் எடுபடவில்லை. சாப்ளின் கெட்டிக்காரர், வாயைத் திறக்காமலே சமாளித்தார். இதில் பேச என்ன இருக்கிறது?"

ஜனவரி 9, இரவு 11.20

நிறைய இருக்கிறது. ஊமைப்படக் காலத்தில் சாப்ளினோடு சேர்த்துப் பேசப்பட்ட நகைச்சுவை நடிகர், இயக்குநர் கீட்டன். அவர் குரலைக் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறீர்களா? கட்டைக் குரல், கொஞ்சம் கரகரப்பு, ஆனால் ஒவ்வொரு சொல்லும் பளிச்சென்று விழும். விழாமல் எப்படி? சின்னப் பையனாக இருந்தபோதே அப்பா அம்மாவோடு மேடை ஏறியவர். மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசைவரை குரலைக் கொண்டுபோய்ச் சேர்த்த வாய்.

இன்னொன்று. 1929-ல் வந்த 'ஸ்பைட் மேரேஜ்' படத்தைப் பேசும் படமாகவே எடுப்போம் என்று கேட்டவர் கீட்டன். வேண்டாம் என்றது ஹாலிவுட்டின் பெரிய படக் கம்பெனியான எம்.ஜி.எம். பேசப் பயந்தவர் செய்கிற காரியமா இது?

அவரை முடித்தது ஒலி இல்லை, ஒப்பந்தம். 1928-ல் சொந்தப் பட்டறையை விட்டுவிட்டுப் அந்தப் பெரிய கம்பெனியில் சம்பளத்துக்குச் சேர்ந்தார். அதற்குப் பிறகு ஒரு நல்ல படம்கூட இல்லை. அவ்வளவுதான் கதை.

ஜனவரி 10, காலை 6.45

"ஒரு நல்ல படம்கூட இல்லை" என்று தூக்கக் கலக்கத்தில் எழுதிவிட்டேன். தவறு. எம்.ஜி.எம்.மில் எடுத்த முதல் படமே 'தி கேமராமேன்' (1928). ஆளே இல்லாத யாங்கி ஸ்டேடியத்தில் தனியாக நின்று, பந்தும் இல்லை, மட்டையும் இல்லை, பேஸ்பால் ஆட்டம் மொத்தத்தையும் ஆடிக் காட்டுவாரே, அந்தப் படம். அதை மறந்துவிட்டு எழுதிய கையை உடைக்கணும்.

ஆனால் அந்தப் படமே என் கட்சிக்குத்தான் சாட்சி. கதை எழுத 22 பேர் உட்கார்ந்தார்கள் என்று கீட்டனே பின்னாளில் எரிச்சலோடு சொல்வார். தன் பட்டறையில் அவர் திரைக்கதை என்று காகிதத்தில் எழுதி வைத்ததே கிடையாது. ஆரம்பம் தெரியணும், முடிவு தெரியணும், நடுப்பகுதி தன்னால் வரும் என்பது அவர் கணக்கு.

ஜனவரி 10, மதியம்

"காகிதம் இல்லாமல் எப்படிப் படம் எடுத்தார்?" என்று கேட்டிருக்கிறார்கள்.

பேஸ்பால் ஆடித்தான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. காட்சி நகராமல் நின்றுவிட்டால் கேமராவை மூடிவிட்டு மொத்தக் கும்பலும் மைதானத்தில் இறங்கிவிடும். ஆட்டத்தின் நடுவே யாருக்காவது யோசனை வந்தால் மட்டையைப் போட்டுவிட்டுத் திரும்ப ஓடி வருவார்கள். ஆள் எடுக்கும்போதே நன்றாக மட்டை பிடிப்பானா என்று பார்ப்பார்களாம்.

அப்புறம், முடித்த படத்தைச் சொல்லாமல் கொள்ளாமல் ஏதாவது ஒரு கொட்டகையில் போட்டுப் பார்ப்பது. 'செவன் சான்சஸ்' (1925) படத்தில் கல்யாண உடையில் ஒரு பெண் பட்டாளமே அவரைத் துரத்தும். மலைச் சரிவில் ஓடும்போது தெரியாத்தனமாகக் கால் பட்டு மூன்று சின்னக் கற்கள் பின்னாலேயே உருண்டு வந்தன. அதுவரை சும்மா உட்கார்ந்திருந்த கூட்டம் அந்த இடத்தில் சிரித்துவிட்டது. திரும்பிப் போய், காகிதக் கூழில் பாறைகள் செய்து, பெரிசும் சின்னதுமாக நூற்றுக்கணக்கில் உருட்டிவிட்டு, புதிதாக ஒரு துரத்தலையே எடுத்துச் சேர்த்தார்கள். இன்று அந்தப் படத்தில் ஊருக்கெல்லாம் நினைவிருப்பது அந்தப் பாறைகள்தான்.

எம்.ஜி.எம்.மில் இதற்கு எந்த அலுவலகத்தில் கையெழுத்து வாங்குவது?

ஜனவரி 12, இரவு

இயக்குநர் என்று யார் பெயர் போட்டிருக்கிறது என்று ஒருவர் பிடித்திருக்கிறார். நல்ல பிடி. 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' (1928) படத்தில் சார்லஸ் ரைஸ்னர் பெயர். 'தி ஜெனரல்' படத்தில் கீட்டனும் கிளைட் பிரக்மனும். 'ஷெர்லக் ஜூனியர்' (1924) அவர் பெயரில் மட்டும். பெயர் போட்டுக்கொள்வதில் அவருக்கு அக்கறையே இல்லை. நம் ஊரில் டீ வாங்கி வந்தவர் பெயரே மூன்று இடத்தில் வரும்.

ஜனவரி 13

'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' படத்தில் வீட்டுச் சுவர் விழுகிற காட்சி உண்மையா, தந்திரமா என்ற கேள்வி ஆறு பேரிடமிருந்து.

உண்மை. சாக்ரமென்டோவில் ஆற்றங்கரையில் போட்ட செட். வீட்டின் முன்பக்கம் முழுசாகப் பெயர்ந்து அவர்மேல் விழும். மாடி ஜன்னல் திறந்திருப்பதால் அந்த ஓட்டை வழியாக அவர் தப்பி நிற்பார். எடை இரண்டு டன் என்பார்கள். தலைக்கும் தோளுக்கும் சில அங்குலம்தான் இடைவெளி. கால் வைக்க வேண்டிய இடத்தில் ஆணி அடித்து அடையாளம் வைத்திருந்தார்கள் என்பது பலரும் சொல்வது. கேமராக்காரர்களே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள் என்பதும்.

ஆனால் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. அது புது வேடிக்கையே இல்லை. அந்தக் கால நகைச்சுவை நடிகர் ஆர்பக்கிளோடு 1919-ல் நடித்த 'பேக் ஸ்டேஜ்' படத்தில் ஒரு மேடைத் தட்டி இதேபோல ஜன்னல் வழியாக விழும். அது துணியும் சட்டமும். 1920-ல் 'ஒன் வீக்' படத்தில் தானே கட்டுகிற கோணல் வீட்டின் சுவர் விழும். அது கொஞ்சம் கனம். 1928-ல் இரண்டு டன். ஒரே வேடிக்கையை ஒன்பது வருஷமாகக் கனம் ஏற்றிக்கொண்டே போயிருக்கிறார். கொத்தனார் ஒரே கட்டு வேலையை வீட்டுக்கு வீடு திருத்திச் செய்வதுபோல.

'ஸ்டீம்போட் பில்' படத்தில் முதலில் வர வேண்டியது வெள்ளம். செட் எல்லாம் அதற்குத்தான் போட்டது. 1927-ல் மிசிசிப்பியில் நிஜமான பெருவெள்ளம் வந்து ஜனங்கள் செத்ததால் அதைப் புயலாக மாற்றச் சொல்லிவிட்டார்கள். செட்டை மாற்றக் காசு தனி.

ஜனவரி 13, பின்னிரவு

பெயர்க் கதையையும் முடித்துவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது கேட்பீர்கள். குழந்தையாக இருந்தபோது மாடிப்படியில் உருண்டு விழுந்து, அழாமல் எழுந்து உட்கார, மந்திரவாதி ஹூடினி 'பஸ்டர்' என்று பெயர் வைத்தார் என்பது கதை. ஹூடினியும் கீட்டன் குடும்பமும் ஒரே நாடோடிக் கம்பெனியில் இருந்தது நிஜம். பெயர் வைத்தது அவரா என்பது சந்தேகம். அப்பா ஜோ கீட்டன் பத்திரிகைக்காரர்களிடம் கதையை ஆளுக்கேற்ப மாற்றிச் சொல்லக்கூடியவர். பிறந்தது 1895 அக்டோபர் 4, கான்சஸில் பிக்வா என்ற சின்ன ஊரில். இதில் மட்டும் குழப்பம் இல்லை.

ஜனவரி 17

என் கட்சியை நானே கொஞ்சம் உரசிப் பார்த்தேன். மூன்று நாளாகத் தூக்கம் சரியில்லை.

சொந்தப் பட்டறை என்று எழுதினேன். அதுவே சரியில்லை. 'பஸ்டர் கீட்டன் புரொடக்‌ஷன்ஸ்' என்ற கம்பெனியில் பஸ்டர் கீட்டனுக்குப் பங்கு கிடையாது! முதலாளி ஜோசப் ஷெங்க். உறவுமுறையில் சகலை: டால்மட்ஜ் வீட்டு அக்கா நார்மா அவருக்கு, தங்கை நடாலி இவருக்கு. காசு விஷயத்தை எல்லாம் சகலை பார்த்துக்கொள்வார் என்று இவர் வேடிக்கை பண்ணிக்கொண்டே இருந்துவிட்டார். அந்தச் சகலைதான் 1928-ல் "எம்.ஜி.எம்.முக்குப் போய்விடு" என்றவர். எம்.ஜி.எம்.முக்கு மேலே இருந்த கம்பெனியின் தலைவர் நிக்கோலஸ் ஷெங்க். சகலையின் தம்பி. அண்ணன் கடைச் சரக்கு தம்பி கடைக்குப் போனது. சரக்குக்குக் கருத்து ஏது?

சாப்ளினும் இன்னொரு ஊமைப்பட நகைச்சுவை நடிகரான ஹெரால்ட் லாயிடும் போகாதே என்று தடுத்தார்கள். அவர்கள் இரண்டு பேரும் தங்கள் படங்களுக்குத் தாங்களே முதலாளி. வாழ்க்கையில் செய்த மிகப் பெரிய தவறு அது என்று கீட்டன் பின்னால் சொன்னார்.

இப்போது எதிர்க்கட்சி. ஷெங்க் ஏன் கையை விரித்தார்? 'தி ஜெனரல்' படத்துக்கு ஏழரை லட்சம் டாலர் அளவுக்குச் செலவு. அமெரிக்காவில் வசூல் ஐந்து லட்சத்தைத் தொடவில்லை. அடுத்து வந்த 'காலேஜ்', 'ஸ்டீம்போட் பில்' இரண்டும் கைகொடுக்கவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் கணக்குப் புத்தகத்தை மூடியிருப்பேன்.

இன்னும் வயிற்றெரிச்சல் வேண்டுமா? எம்.ஜி.எம்.மில் அவர் பேசி நடித்த அந்தச் சப்பைப் படங்கள் லாபம் பார்த்தன. நல்ல படம் நஷ்டம், கெட்ட படம் கல்லா நிறைந்தது. ஆக "பேசும் படம் வந்ததும் காணாமல் போனார்" என்பது வசூலை வைத்துப் பார்த்தாலும் பொய். அதுமட்டுமில்லை, டப்பிங் சரியாக வராத காலம் என்பதால் வெளிநாட்டுக்கு அதே படத்தை ஸ்பானிஷ், பிரெஞ்சு, ஜெர்மன் என்று திரும்பத் திரும்ப எடுத்தார்கள். மொழி தெரியாமல், உச்சரிப்பை மட்டும் உருப்போட்டுப் பேசியவர் நம் "குரல் எடுபடாத" கீட்டன்தான்.

ஜனவரி 18

"அப்போ குடி?" என்று ஒற்றை வரி. ஆமாம், குடி. 1932-ல் விவாகரத்து, இரண்டு பையன்களின் கடைசிப் பெயரைக்கூட அம்மா வீட்டுப் பெயராக மாற்றிவிட்டார்கள். 1933-ல் எம்.ஜி.எம். வேலையை விட்டு நீக்கியது. குடி முதலா, வேலை போனது முதலா என்று வரிசை போட்டால் இரண்டும் ஒன்றை ஒன்று இழுத்தபடிதான் வருகிறது. ஒலி வேண்டுமானால் மூன்றாவதாக வரிசையில் நிற்கட்டும்.

ஜனவரி 21, ஞாயிறு

இழை ரயில் பக்கம் திரும்பட்டும். எனக்கு உண்மையில் பேச வேண்டியது 'தி ஜெனரல்' பற்றி. அமெரிக்க உள்நாட்டுப் போரில் எதிரிகள் கடத்திய தன் ரயில் எஞ்சினைத் துரத்திப் போகும் தெற்குப் பக்கத்து டிரைவராகக் கீட்டன் வரும் படம்.

எங்கள் அப்பா விழுப்புரம் லோகோ ஷெட்டில் ஃபயர்மேன். ஒய்.பி. எஞ்சினில் கரி வாரிப் போட்டே தோள் ஒருபக்கம் சாய்ந்த மனுஷன். ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் இந்தப் படத்தைப் போட்டுக் காட்டினேன். ஊமைப்படமா என்று முகத்தைச் சுளித்தவர் பத்து நிமிஷத்தில் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். சிரிப்பே இல்லை. வேலை பார்ப்பதுபோல் பார்த்தார்.

காதலி கைவிட்ட சோகத்தில் கீட்டன் எஞ்சினின் சைடு ராடு, அதாவது சக்கரங்களை இணைக்கும் இரும்புத் தண்டு மேல் உட்கார்ந்திருப்பார். எஞ்சின் நகரும். ராடோடு சேர்ந்து மேலே, கீழே, மேலே, கீழே. அவருக்கு உறைக்கவே உறைக்காது. நான் சிரித்தேன். அப்பா, "நிறுத்து நிறுத்து, திரும்பப் போடு" என்றார். மூன்று முறை பார்த்தார். "கிளப்பும்போது டிரைவர் ஒரு பொட்டு ஸ்டீம் கூடக் கொடுத்தான்னா சக்கரம் ஸ்லிப் ஆகி நின்ன இடத்துலயே சுத்தும். இவன் கால் இருக்காது. இதுக்கு எவன் டிரைவர்?"

பிறகுதான் படித்தேன், அந்தக் காட்சிக்கு எஞ்சின் ஓட்டியவர் பயந்ததும் அதற்குத்தான் என்று.

ஜனவரி 21, மாலை

அப்பா கதை பாக்கி. எஞ்சினுக்குப் பின்னால் கட்டை வெட்டிக்கொண்டு நிற்பார் கீட்டன். முதுகுக்குப் பின்னால் தன் பக்கத்துச் சேனை மொத்தமும் பின்வாங்கி ஓடும். பிறகு எதிரிச் சேனை மொத்தமும் முன்னேறி வரும். இவர் கோடாலியை விட்டு நிமிரவே மாட்டார். விமரிசகர்கள் இதற்கு வரலாறு, விதி, தனிமனிதன் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். அப்பா சொன்னது: "தீ இறங்குதுன்னா எவன் நிமிர்வான்?"

அப்பா ஒரே இடத்தில்தான் வாய்விட்டுச் சிரித்தார். எதிரிகள் துரத்துகிறார்கள், எஞ்சினுக்கு விறகு வேண்டும். கதாநாயகி ஒரு கட்டையைக் கையில் எடுத்து, அதில் ஓட்டை இருக்கிறது என்று தூர எறிவாள். அப்புறம் ஒரு சிராய்த் துண்டைத் தீயில் போடுவாள். அவர் அதைவிடச் சின்னதாக ஒன்றைப் பொறுக்கிக் கொடுப்பார். அவள் அதையும் அக்கறையாகப் போடுவாள். கழுத்தைப் பிடித்து நெரிக்கப் போய், சட்டென்று முத்தம் கொடுத்துவிடுவார். "முதல் வருஷம் உங்கம்மா இப்படித்தான்," என்றார். அம்மா சமையலறையில் இருந்தாள். கேட்டிருக்கும்.

ஜனவரி 22

பாலம் பற்றிக் கேட்டவருக்கு: பொம்மை எஞ்சின் இல்லை. 1926 ஜூலை 23, ஆரிகன் மாநிலம், காட்டேஜ் குரோவ் ஊருக்கு அருகே ரோ ஆறு. நிஜ எஞ்சினை எரிகிற பாலத்தின் மேல் ஓட்டி ஆற்றுக்குள் தள்ளினார்கள். ஒரே டேக். அந்த ஒரு காட்சிக்கு மட்டும் 42,000 டாலர் என்று கணக்கு சொல்வார்கள். எஞ்சின் அங்கேயே கிடந்து, இரண்டாம் உலகப் போரின்போது பழைய இரும்புக்குப் போனது.

போர்க்காட்சிக்கு மாநிலக் காவற்படையிலிருந்து ஐந்நூறு பேர் வந்தார்கள். காலையில் வடக்குப் படையின் நீலச் சட்டை, மதியம் தெற்குப் படையின் சாம்பல் சட்டை. அதே ஆட்கள், தங்களையே தாங்கள் துரத்திக்கொண்டார்கள். விறகு எஞ்சினின் தீப்பொறியால் காடும் வயலும் அடிக்கடி பற்றிக்கொள்ளும். ஒருமுறை பெரிய காட்டுத்தீயாகிவிட, கீட்டன் உட்பட எல்லாரும் சட்டையைக் கழற்றி அடித்து அணைத்தார்கள். புகை அடங்க மழை வரும்வரை படப்பிடிப்பு நின்றது. செலவு ஏன் ஏறியது என்று இப்போது தெரிகிறதா?

ஜனவரி 25

ஒரு நண்பர் காட்டமாக எழுதியிருக்கிறார்: "அடிமை முறைக்காகப் போரிட்ட தெற்குப் படையின் பக்கம் நின்று எடுத்த படத்தை அப்பா கதை சொல்லி இனிப்பாக்குகிறீர்கள்."

அடி சரியான இடத்தில் விழுந்தது. 1862-ல் வடக்குப் படையினர் எஞ்சினைக் கடத்திய உண்மைச் சம்பவத்தை வைத்துச் செய்த படம். சம்பவத்தை எழுதி வைத்தது வடக்கு ஆள். கீட்டன் பக்கத்தைத் திருப்பிப் போட்டார். தோற்றவர்களை வில்லனாக்கினால் கொட்டகையில் எடுபடாது என்பது அவர் வாதம். படத்தில் அடிமை முறை என்ற பேச்சே இல்லை. நான் இதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், அந்த இடம் காலியாக இருப்பதை நண்பர் சொல்லும்வரை யோசித்ததில்லை. தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். 'செவன் சான்சஸ்' படத்தில் முகத்தில் கரி பூசிய வெள்ளைக்காரர் கறுப்பராக வருவதும் அப்படித்தான். பாறைகளைப் புகழ்ந்து எழுதியபோது இதைச் சொல்லாமல் விட்டேன். சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி 26

சிரிக்காத முகம்: சோகமில்லை. மேடையில் அப்பா தூக்கி வீசி எறியும் பையன் அவர். சட்டையின் முதுகில் பெட்டிக் கைப்பிடி ஒன்றைத் தைத்திருப்பார்கள், பிடித்து வீச வசதியாக. விழுந்தபிறகு தான் சிரித்தால் கூட்டம் சிரிப்பதில்லை, முகத்தை மரமாக வைத்தால் கொட்டகை அதிர்கிறது என்று சின்ன வயதிலேயே கண்டுகொண்டார். ஆர்பக்கிள் படங்களில் அவர் பல் தெரியச் சிரிப்பதைப் பார்க்கலாம். முதல்முறை பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் அசிங்கமாகக்கூட இருந்தது, பக்கத்து வீட்டுத் தாத்தா டான்ஸ் ஆடியதுபோல.

ஜனவரி 26, இரவு

இல்லை, நாகேஷோடு ஒப்பிட மாட்டேன். முந்நூறு பதில் ஓடும், கீட்டன் காணாமல் போவார்.

பிப்ரவரி 1

இன்று நினைவு நாள். 1966 பிப்ரவரி 1, நுரையீரல் புற்றுநோய். வழக்கம்போல "யாரும் கவனிக்காமல் அழிந்த மேதை" என்று மாலை போடுகிறார்கள். எனக்கு இந்த மாலை பிடிக்கவில்லை.

1930-களின் நடுவில் ஆள் தரைமட்டம்தான். வாரம் 3,000 டாலர் வாங்கிய அதே எம்.ஜி.எம்.முக்கு வாரம் 100 டாலருக்கு வேடிக்கை யோசனை சொல்லும் வேலைக்குத் திரும்பினார். கேட்கவே கூசுகிறது. ஆனால் 1940-ல் எலினாரைக் கல்யாணம் செய்தார், கடைசிவரை அந்தக் கல்யாணம் நின்றது. 1947-ல் பாரிஸில் மெட்ரானோ சர்க்கஸில் ஆடினார். 1949-ல் விமரிசகர் ஜேம்ஸ் ஏஜி 'லைஃப்' பத்திரிகையில் எழுதிய கட்டுரை ஊரை மறுபடி திரும்பிப் பார்க்க வைத்தது. 1952-ல் 'லைம்லைட்' படத்தில் சாப்ளினோடு ஒரே மேடையில். அவர் விட்டுப்போன பெரிய வீடு பின்னால் நடிகர் ஜேம்ஸ் மேசன் கைக்கு வந்தபோது, அங்கே அடைந்து கிடந்த பழைய பிரதிகள் வெளியே வந்தன. கெளரவ ஆஸ்கர். 1965-ல் வெனிஸ் விழாவில் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

தொலைக்காட்சி, விளம்பரம், எதற்குக் கூப்பிட்டாலும் போனார். விழச் சொன்னால் விழுந்தார். பரிதாபம் என்பது நாம் பார்க்கிற கோணம். அவருக்கு அது வேலைநாள்.

அதற்காக முதல் நாள் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. 1928-க்குப் பிறகு யாரும் அவர் கையில் ஒரு மைதானமும் ஒரு கேமராவும் கொடுத்து "அவசரமில்லை" என்று சொல்லவில்லை.

பிப்ரவரி 3

ஒரு விதிவிலக்கு ஞாபகம் வந்தது. எழுதாமல் தூக்கம் வராது.

1964-ல் கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம் அவரை அழைத்து ஒரு சின்னப் படம் எடுத்தது. 'தி ரெயில்ராடர்'. வசனமே கிடையாது. லண்டனில் ஆற்றில் குதித்து, கனடாவில் கரையேறி, தண்டவாளத்தில் நிற்கிற மோட்டார் டிராலியில் உட்கார்ந்து நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போகிறார். அந்தப் படப்பிடிப்பைத் தனியாக இன்னொரு படமாகவும் எடுத்து வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு தகராறு. உயரமான பாலத்தின் மேல் டிராலி போகும்போது, பெரிய வரைபடம் முகத்திலும் உடம்பிலும் சுற்றிக்கொண்டு கண் மறைகிற மாதிரி ஒரு வேடிக்கை வேண்டும் என்கிறார் கீட்டன். இளைஞரான இயக்குநர் ஜெரால்ட் பாட்டர்டன், ஆபத்து, வேண்டாம் என்கிறார். கிழவருக்கு வந்ததே கோபம். வயது 69 நெருங்குகிறது, மூச்சு வாங்குகிறது, இருமல் வேறு. ஆனால் அந்தப் பாலத்தில் எது சிரிப்பு, எது வெறும் போக்குவரத்து என்று அவருக்குத்தான் தெரியும்.

கடைசியில் அவர் சொன்னபடிதான் எடுத்தார்கள்.

அப்பாவுக்கு இதையும் காட்டினேன். வரைபடம் சுற்றியதைப் பார்க்கவே இல்லை. "டிராலிக்குப் பிரேக் எங்க இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.